மூட்டு புதுசு... முதல் மூன்று மாதம்தான் பெருசு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் பஸ்கள் கிளம்பிவிட்டால், சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் பெரியவர்கள் மட்டுமே இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தால்? 'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று விட்டுவிடுவோம். அந்த ரெஸ்ட் அளவு மீறும்போதுதான் சிக்கலே!

புது மூட்டு வலியைக் குறைக்கும். ஆனால், பழக்கினால்தான் மடங்கும். சாதாரணமாக நடக்க முழங்கால் சுமார் 70 டிகிரி மடங்க வேண்டும். படியேற 80 முதல் 90, நாற்காலியிலிருந்து எழ 90-க்கும் மேல். முதல் மூன்று மாதப் பயிற்சியில் கோட்டை விட்டால், மூட்டைச் சுற்றிய தசைகள் இறுகிவிடும். பிறகு மீட்பது கஷ்டம்.

வீட்டில் என்ன மாற்றலாம்?

* தரையில் உட்காரும் கழிப்பறை என்றால் கமோடு நாற்காலி வாங்கிப் போடுங்கள். பக்கத்துச் சுவரில் கைப்பிடி அவசியம்.

* அரிவாள்மனைக்கு லீவு. மேடையருகே உயரமான நாற்காலியில் உட்கார்ந்தே காய் நறுக்கலாம்.

* படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

* படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம். சுகமாக இருக்கும், ஆனால், கால் முழுதாக நீளாமல் போகும்.

* கெண்டைக்காலில் வீக்கம், வலி, காய்ச்சல், தையலில் சீழ் என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழையுங்கள்.

சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டவர், பயிற்சிக்காகத் தினமும் 45 கிலோமீட்டருக்கு மேல் மின்சார ரயிலில் போய்வர முடியாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள்.

மனசையும் கவனிக்க வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி அடைவதில்லை என்கின்றன பல நாட்டு ஆய்வுகள். வலி மட்டும் இதற்குக் காரணமல்ல. பழையபடி சம்மணமிட்டு உட்காரலாம், குனிந்து கோலம் போடலாம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாததும் ஒரு காரணம். எது முடியும், எது முடியாது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. விழுந்துவிடுவோமோ என்ற பயமும் பலரை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடுகிறது.

ஷிப்ட் முடிந்து வருபவர்கள், 'வலிக்குதா?' என்பதோடு நிறுத்தாமல், 'இன்னிக்கு தெருமுனை வரைக்கும் நடந்தியாம்மா?' என்றும் கேளுங்கள். 'இல்லை' என்றால், செருப்பைக் கழற்றாமல் அப்படியே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்!