சிலை உடுத்திய துணி

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் வந்து நிற்கும் எல்லாரும் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு, பாம்புகளை வைத்து முண்டாசு போலச் சுற்றிக் கட்டிய சடையைப் பார்ப்பார்கள். ரிஷபம் இல்லாமலே ரிஷபத்தின் மேல் கை ஊன்றி நிற்கிற ஒயிலைப் பார்த்துச் சொக்கிப்போவார்கள். 1011-இல் வார்த்த திருமேனி அது. நூறு முறை பார்த்தாலும் அலுக்காது. இந்த வாரம் நான் எழுத நினைத்தது அவர் இடுப்பில் கட்டியிருக்கும் துணியைப் பற்றி. தொடையோடு ஒட்டிய குட்டையான துணி, அதை இறுக்கிப் பிடிக்கும் அரைப்பட்டிகை. அதே கூடத்தில் இருக்கும் அம்மன் திருமேனிகளில் துணி கணுக்கால் வரை இறங்குகிறது. துணி இருக்கிறது என்று காட்ட ஸ்தபதி செய்திருப்பது மிகக் கொஞ்சம்: இடுப்பில் ஒரு விளிம்பு, கணுக்காலுக்கு மேலே ஓர் ஓரம், நடுவில் சில கோடுகள். உலோகத்தில் அவ்வளவு மெல்லிய துணியை அந்தச் சில கோடுகளிலேயே நெய்துவிட்டார்.

ஆடை வடிவமைப்புப் படிக்கிற பிள்ளைகள் தஞ்சைக்கு நிறைய வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். பெரிய கோயிலில் விமானத்தைப் படம் எடுக்கிறார்கள், கடைத்தெருவில் தலையாட்டிப் பொம்மையைப் படம் எடுக்கிறார்கள், கலைக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரயிலேறுகிறார்கள். சில மாதம் கழித்து ஒரு குர்தியில் தலையாட்டிப் பொம்மை அச்சாகி வருகிறது. முந்தானையில் விமானம் நிற்கிறது. அதற்கும் உழைப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பொருளின் உருவம் துணிக்கு வந்துவிட்டது, அதைச் செய்தவர் யோசித்த யோசனை வரவில்லை. இந்த ஊரிலிருந்து எடுத்துப்போக வேண்டியது அந்த யோசனையைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

1896-இல் கிரேக்க நாட்டு டெல்ஃபியில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு வெண்கலத் தேரோட்டி வெளிப்பட்டான். நீள நீளமான மடிப்புகளோடு தரை நோக்கி விழும் அங்கி அவனுடையது. வெனிஸில் குடியிருந்த ஸ்பானியக் கலைஞர் மரியானோ ஃபார்ச்சூனி அதைப் பார்த்து ‘டெல்ஃபோஸ்’ என்ற பட்டு உடையைச் செய்தார். தேரோட்டியின் உருவம் அந்த உடையில் எங்குமே கிடையாது. வெண்கலத்தில் நிற்கிற மடிப்பைப் பட்டில் எப்படி நிற்கவைப்பது என்பதுதான் அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி. பட்டில் நுண்ணிய மடிப்புகளை ஏற்றும் ஒரு முறையைக் கண்டுபிடித்து 1909-இல் காப்புரிமையும் பெற்றார். மடிப்பு கலையாமலிருக்க அந்த உடையை முறுக்கிச் சுருட்டிச் சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்களாம். நம் திருபுவனத்தில் பட்டுச்சேலையை விசிறி மடிப்பாக மடித்துத் தருகிற வழக்கம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

நம்மிடமும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1930-களில் ருக்மிணி தேவி அருண்டேல் பரதநாட்டியத்துக்குத் தைத்த உடையை அமைத்தபோது கோயில் சிற்பங்களைத்தான் உற்றுப் பார்த்தார். கல்லில் இருக்கும் உடையை அப்படியே எடுத்து உயிருள்ள பெண்ணுக்கு உடுத்திவிட முடியாது. அரைமண்டியில் உட்காரும்போது முன்னால் விரியும் விசிறி, அசைவிலிருந்து பிறந்தது. இன்றைக்கு அரங்கேற்றம் காணும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த விசிறியோடுதான் மேடை ஏறுகிறார்கள்.

மடிப்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்களை நான் முதலில் அனுப்ப நினைப்பது, சாத்துப்படி தெரிந்த ஒரு குருக்களிடம். இரண்டு மூன்றடி உயர உற்சவர், நான்கு கைகள், விரிந்த பிரபை; கையில் இருப்பதோ மனிதர் உடுத்தும் நீள அகலத்தில் ஒரு பட்டு. கத்தரி வைக்கக்கூடாது, தைக்கக்கூடாது. விரலகலத்துக்கு மடித்து, அழுத்தி, நூலால் கட்டி, பாதத்தருகே விசிறியாகப் பிரித்துவிடுவார்கள். மேல்துண்டை எந்தக் கைக்கு முன்னால் கொண்டுபோவது, எந்தக் கைக்குப் பின்னால் விடுவது என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. திரை விலகும்போது, சுவாமி அந்தப் பட்டைத் தானே உடுத்திக்கொண்டு வந்தது போலிருக்கும். டெல்டாவில் திருவிழா இல்லாத மாதம் இல்லை. கேட்டுக்கொண்டால், சாத்துப்படி முடிந்த கையோடு சந்தேகங்களுக்கு விளக்கம் சொல்கிற குருக்கள்மார் இருக்கிறார்கள்.

இனி கருப்பூர். கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கோடாலிக்கருப்பூர் என்ற ஊர். தஞ்சை மராட்டிய அரச குடும்பம் உடுத்திய சேலையும் தலைப்பாகையும் அங்கே நெய்யப்பட்டன. அதன் செய்முறையைப் படித்த நாளிலிருந்து எனக்கு வியப்பு அடங்கவில்லை. முதலில் பருத்தியில் நெய்யும்போதே, பூ வரவேண்டிய இடத்தில் மட்டும் ஜரிகையைக் கையால் கோத்துக் கோத்து நெய்வார்கள். தறியிலிருந்து இறங்கிய துணி சாயக்காரர் கைக்குப் போகும். அவர் சாயம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, அவுரி நீலத்திலும் சிவப்பிலும் முக்கி எடுத்து, மீதியைக் கையால் எழுதி முடிப்பார். கடைசியில் கிடைப்பது அடர்ந்த செம்மண் சிவப்பு. அதன் நடுவே அடங்கி ஒளிரும் பொன்.

இதில் என்ன யோசனை இருக்கிறது என்று நின்று பாருங்கள். கையில் ஜரிகை இருக்கிறவர்கள் அது பளிச்சென்று தெரியவேண்டும் என்றுதான் ஆசைப்படுவார்கள். கருப்பூர்க்காரர்களோ பொன்னை நெய்துவிட்டு அதைச் சுற்றிச் சாயத்தை ஏற்றி, அதன் பளபளப்பைத் தணித்தார்கள். நெசவும் எழுத்தும் ஒரே துணியில் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கின்றன. அரசரிடம் செல்வம் இருந்தது. அதை அடக்கிக் காட்டுகிற ரசனை கைவினைஞரிடம் இருந்தது. 1855-இல் தஞ்சை அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் முழுதாகப் போனது. உடுத்தவும் பரிசளிக்கவும் அரண்மனை இல்லை என்றானபின் அந்தச் சேலைக்குக் கேட்பாரில்லை. அந்த நூற்றாண்டோடு தொழில் அற்றுப்போனது. பழைய சேலைகளை இன்று அருங்காட்சியகங்களில்தான் பார்க்கலாம். பின்னால் மீட்டெடுக்க முயன்றவர்கள் உண்டு, அவர்களை நான் வணங்குகிறேன்.

எழுத்து மட்டும் அழியாமல் தப்பியது. கருப்பூர்க் கலம்காரி என்று 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது அதுதான். தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் சில குடும்பங்கள் கோயிலுக்கான தொம்பையும் தோரணமும் விதானமும் எழுதுகின்றன. துணியைக் கடுக்காயில் ஊறவைப்பது, இரும்புத் துருவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துக் கறுப்பு எடுப்பது, மூங்கில் எழுதுகோலில் அந்தக் கறுப்பைத் தொட்டு ஒரே இழுப்பில் கோடு போடுவது. கடுக்காய் ஏறிய துணியில் அந்தக் கறுப்பு பட்டதும் கொஞ்சங்கொஞ்சமாக அடர்கிறது. உள்ளூர் நாட்டுமருந்துக் கடைக்குப் போய்க் கடுக்காயும் மஞ்சளும் மஞ்சிட்டியும் வாங்கி ஒரு பழைய வேட்டித் துண்டில் முயன்று பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். நிறம் எங்கிருந்து வருகிறது என்பது கைக்குத் தெரிந்த பிறகு கண் வேறு மாதிரி பார்க்கும்.

படத்துக்கும் யோசனைக்கும் உள்ள தூரத்தை எனக்குப் புரியவைத்தவர் தாராசுரத்து நெசவாளர் ஒருவர். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பட்டு நெய்கிற சௌராஷ்டிரக் குடும்பங்கள் இருக்கின்றன. கோயில் தூண்களில் கொடிகள் வளையம் வளையமாகச் சுழல்கின்றன. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஆடுபவர், இசைப்பவர், விலங்குகள். சேலைக் கரைக்கென்றே செதுக்கியதுபோலத் தோன்றும். ஏன் யாரும் இதை நெய்யவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

“நெய்யலாம்மா. ஆனா தூண்ல அந்தக் கொடி கீழேருந்து மேலே போய் நின்னுடுது. கரைல நிக்கக் கூடாது, ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரு சுத்து முடியற எடத்துல அடுத்தது தொடங்கணும். அந்தச் சேருற எடம் கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னா சேலை போச்சு.”

“அப்ப வளைவை மாத்தணுமாண்ணா?”

“வளைவே தறில கெடையாதே. எல்லாம் படிதான். பாவு நேரே போகுது, ஊடை குறுக்கே போகுது. படியைப் பொடிசா வெட்டினா வளைவு மாதிரி தெரியும். அதுக்குத் தறில மாட்டற டிசைன் அட்டை கூடும், செலவு கூடும். அதனால இந்த உள்ள இருக்கிற ஆளையெல்லாம் விட்டுட்டு, கொடி எப்படித் திரும்புதுன்னு மட்டும் எடுத்தா போதும்.”

எதை எடுப்பது, எதை விடுவது என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்திருந்தது. அவர் தறியில் அன்று ஓடிக்கொண்டிருந்த டிசைன், எங்கோ ஒரு நகரத்துக் கடையிலிருந்து வந்த அட்டை. அவர் தினமும் கும்பிட்டுவிட்டு வருகிற கோயிலின் கொடிக்கு அதில் இடமில்லை. இது எனக்கு வருத்தம்தான்.

புத்தகங்களிலும் இப்படித் தேடலாம். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1892-இல், உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். மதுரைத் துணிக்கடைத் தெரு வரும் இடத்தில் அந்த உரையாசிரியர் முப்பத்தாறு வகைத் துணிகளைப் பேர் சொல்லி அடுக்குகிறார்: கோங்கலர், சித்திரக்கம்மி, பொன்னெழுத்து, தேவகிரி என்று போகிறது வரிசை. பூ, வேலைப்பாடு, ஊர் என்று எல்லாத் திசையிலிருந்தும் பேர்கள். பல துணிகள் எப்படி இருந்தன என்று இன்று யாருக்கும் தெரியாது. நெய்யத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல அழைப்பு வேறென்ன வேண்டும்? கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், இழை போகும் வழி கண்ணுக்குத் தெரியாத, பூ வேலை செய்த ஒரு துணி பாம்புச் சட்டைக்கு ஒப்பிடப்படுகிறது. வயல் வரப்பில் கிடக்கும் பாம்புச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவிஞர் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார் என்று புரியும்: ஒளி ஊடுருவும் மென்மையும், அதற்குள்ளேயே ஓடும் கட்டமும்.

நிறத்துக்கு நான் போவது பூக்கடைக்கு. தஞ்சாவூர்க் கதம்பத்தை ஒரு முழம் வாங்கி மேசையில் நீட்டி வையுங்கள். வெள்ளை மல்லிகை, செம்மஞ்சள் கனகாம்பரம், சிவப்பு அரளி, பச்சைக்கு மரு. வெள்ளைக்குத்தான் பெரும்பங்கு, கனகாம்பரம் கொஞ்சம்தான், ஆனால் தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவது அதுதான். சிவப்பும் செம்மஞ்சளும் நேராக மோதிக்கொள்ளாதபடி நடுவில் மருவை வைத்துக் கட்டுகிறார் பூக்கார அம்மா. கை வாழைநாரில் முடிச்சுப் போட்டபடி இருக்கும், வாய் வாடிக்கையாளரோடு விலை பேசும். புடவைக்கு ரவிக்கை பொருத்தத் திணறும் எவரும் அவரருகே அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. தாராசுரமும் திருபுவனமும் டவுன் பஸ் தூரம். ஓவியம் படிக்கிற பிள்ளைகளும் தறியில் உட்காருகிறவர்களும் ஒரே தூணின் முன்னால் உட்கார்ந்து வரைய ஒரு மாதம் ஏற்பாடு செய்யலாம். பிள்ளைகள் கொடியை வரையட்டும்; அது எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதை நெசவாளர் கிராப் தாளில் திருத்திக் கொடுக்கட்டும். அந்த மாதத்துக்கு நெசவாளருக்குக் கூலி தரவேண்டும், வரும் டிசைனில் அவர் பேரும் இருக்கவேண்டும். கல்லூரியோ கைத்தறித் துறையோ, யாராவது முன்வந்தால் இந்தப் பத்தியிலேயே விவரம் வெளியிடத் தயாராக இருக்கிறேன்.