ஓடுகிறதென்றால் யாருக்கு ஓடுகிறது?

டபிள்யூ.ஆர்.எஃப். வானிலை மொடலின் பழைய பில்ட் முறையில் கை வைக்கவே கூடாது என்கிறார் நண்பர். காரணம் மூன்று சொல்கிறார்: அது ஓடுகிறது; மாற்றினால் மொடல் தரும் எண்கள் மாறும்; சிமேக், மீசன் போன்ற புதிய பில்ட் கருவிகள் எல்லாம் இளசுகளின் பேஷன். இரண்டாவதில் மட்டும்தான் சரக்கு இருக்கிறது. ஆனால் அவர் அதிகம் பெருமைப்படுவது முதலாவதில்.

ஓடுகிறதாம். 2000 இல் முதன்முதலாக வெளியான இந்த மொடலைப் புதிய கணினியில் கட்டிப் பாருங்கள். முதலில் சி-ஷெல் வேண்டும். இன்று யாரிடம் இருக்கிறது? பிறகு கன்ஃபிகர் எழுபதுக்கு மேற்பட்ட தெரிவுகளைத் திரையில் கொட்டி, ஓர் எண்ணைத் தட்டச் சொல்லும். நெஸ்டிங், அதாவது பெரிய கட்டத்துக்குள் சிறிய கட்டம், எந்த வகை என்று இன்னோர் எண். அப்புறம் கம்பைல். கூத்தே இங்கேதான்: உள்ளே 'மேக்' கட்டளை, பிழை வந்தாலும் நிற்காதே என்ற ஃபிளாக்கோடு ஓடுகிறது. வரிகள் ஆயிரக்கணக்கில் உருண்டு ஓயும். ஜெயித்ததா தோற்றதா என்று அறிய, 'மெயின்' அடைவுக்குள் எக்ஸி கோப்பு விழுந்திருக்கிறதா என்று நாமே எட்டிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் லொக் கோப்பில் முதல் 'எரர்' எங்கே என்று துழாவ வேண்டும். தோற்றதைக்கூடச் சொல்லத் தெரியாத இதைத்தான் நண்பர் நம்பகமானது என்கிறார்.

2020 இல் ஜி.சி.சி. கம்பைலரின் 10 ஆம் பதிப்பு வந்தது. ஒரே துணைநிரலை வெவ்வேறு வகை மாறிகளோடு அழைக்கும் பழைய ஃபோர்ட்ரான் வழக்கத்தை அது பிழையென்று தள்ள, பழைய நிரல்கள் பல கம்பைல் ஆகாமல் நின்றன. ஒரேயொரு ஃபிளாக்கில் தீர்கிற சங்கதி. ஆனால் அந்த ஃபிளாக் எது என்பது தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்ற கங்காணியை மலையகத்தாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழைய பில்ட் ஒவ்வோர் ஆய்வுகூடத்திலும் அப்படியொருவரை உட்கார்த்தி வைக்கிறது. நண்பர் காப்பாற்றுவது மொடலையா, அந்த நாற்காலியையா?

எண்கள் மாறும் என்பது உண்மைதான். கம்பைலர் பதிப்பு, ஒப்டிமைசேஷன் அளவு, பெருக்கலையும் கூட்டலையும் ஒரே படியில் முடிக்கும் ப்ரொசசர் கட்டளை என்று எது மாறினாலும் கடைசி இலக்கங்கள் அசையும்; சில நாள் முன்னறிவிப்பில் அந்த அசைவு மழை விழும் இடத்தையே நகர்த்திவிடும். சரி, அந்தத் தெரிவுகள் இப்போது எங்கே பதிவாகின்றன? 'கன்ஃபிகர்.டபிள்யூ.ஆர்.எஃப்' என்ற கோப்பில். ஆளாளுக்குக் கையால் திருத்துகிற கோப்பு அது. கிட் களஞ்சியத்துக்குள் போகாது. 'கிளீன் மைனஸ் ஏ' கொடுத்தால் ஒரு பேக்கப் பிரதியை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த முறை கொடுக்கும்போது அந்தப் பிரதியும் மேலெழுதப்படலாம். எண்களுக்காக இவ்வளவு துடிக்கிறவர், அவற்றைப் பிறப்பித்த ஃபிளாக்குகள் தொலைவதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை.

சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் இருப்பவனுக்கு இது வெறும் கணினிச் சண்டை அல்ல. 9 கிலோமீற்றர் கட்டத்தில் ஓட்டினால் எங்கள் பஸ் நிலையமும் 2,243 மீற்றர் சிவனொளிபாதமலை உச்சியும் ஒரே கட்டத்துக்குள் விழக்கூடும். நடுவில் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றம். மொடலுக்கோ எல்லாம் ஒரே சராசரி மேடு. தென்மேல் பருவக்காற்று இந்தச் சரிவில் ஏறி மவுஸ்ஸாக்கலைப் பக்கம் எப்படிக் கொட்டுகிறது என்று பார்க்க, உள்ளே நெருக்கமான நெஸ்ட் வேண்டும். கன்ஃபிகரின் அந்த இரண்டாம் கேள்விக்குப் பூச்சியம் தட்டியிருந்தால் அது நடக்காது. மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். 2014 இல் மீரியபெத்தை மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கேட்டு வளர்ந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை, தன் மலையின் மழையைத் தானே கணக்கிட ஆசைப்பட்டால் அவளை மறிப்பது இயற்பியல் அல்ல, இந்தக் கேள்விப் பட்டியல்தான்.

பேஷன் என்பதற்குச் சுருக்கமாக: 2023 ஒக்டோபரில் வந்த பைத்தான் 3.12, பழைய பில்ட் கருவியான 'டிஸ்ட்யுட்டில்ஸ்' பொதியைத் தூக்கி எறிந்தது. அறிவியல் கணிப்பு நூலகமான சை-பை 2022 இலேயே 1.9 பதிப்பில் மீசனுக்கு மாறியிருந்ததால் தப்பியது. டபிள்யூ.ஆர்.எஃப். குழுவும் பழைய பாதையை மூடவில்லை, சிமேக் பாதையை அதன் பக்கத்திலேயே போட்டது. சிமேக்கின் மொழி எனக்கும் பிடிக்காது, பார்க்கவே சகிக்காது. ஆனால் தோற்றால் தோற்றேன் என்று நின்றுவிடுகிறது.

நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் குறிப்பேட்டை மட்டும் ஒரு மாணவியிடம் கொடுங்கள், புதுக் கணினி ஒன்றையும் கொடுங்கள், உங்கள் போனை அணைத்து வையுங்கள். அவள் கட்டும் எக்ஸி உங்களுடைய எண்களையே தருமா?