பந்தயத் தடத்தில் துணை வராத காப்பீடு

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விரும்பும் இளம் சகோதரர்களை நாம் தடுக்கவில்லை. பொதுச்சாலையில் சீறிப் பாய்வதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால், முழுக் காப்பீடு இருக்கிறதே என்ற துணிச்சலில் செல்வோர், பாலிசியில் பயன்பாட்டு வரம்புகள் என்னும் பகுதியை வாசித்ததுண்டா? ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் அங்கே விலக்கப்பட்டிருக்கும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், இவற்றைக் காரணங்காட்டி மூன்றாம் தரப்பினருக்கான பொறுப்பை மறுத்து வாதிடக் காப்பீட்டு நிறுவனத்திற்கு இடமளிக்கிறது. ‘இது பந்தயமன்று, பயிற்சியே’ என்று நாம் சொல்லலாம். வேகச் சோதனை என்ற சொல்லைத் தாண்டுவது எளிதன்று.

கார் நொறுங்கினால் நம் இழப்பு, போகட்டும். அருகிலமர்ந்த நண்பர் படுகாயமுற்றால்? நுழைவாயிலில் கையொப்பமிடும் படிவம் பெரும்பாலும் ஏற்பாட்டாளரையே காக்கும், நம்மையன்று. நண்பருக்குரிய இழப்பீடு நம் தலைமேல் கடனாகும். நாம் மரணித்தால், வாரிசுகள் பங்கிடுமுன் தீர்க்கப்பட வேண்டிய கடன்.

காரை வெளியே இழுத்து வந்து, நெடுஞ்சாலையில் மோதியதாக எழுதிக்கொடுக்கும் உபாயத்தையும் சிலர் சொல்வர். அது அப்பட்டமான பொய். பிரீமியம் செலுத்தும் அனைவரின் பணத்திலும் கைவைப்பது. செல்லுமுன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்பு இல்லையென்றால், நொறுங்கினாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய காரை மட்டும், அருகில் எவரையும் அமர்த்தாமல் ஓட்டுங்கள்.