3,000 ரூபாய்... 2 நாள்... கூட ஒரு பதினைந்து வயசு!

"சென்னைக்குப் போலாம். இல்லீனா நான் வரல."

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மகன் சொன்ன பதில் இது. கேட்ட அம்மாவுக்கு உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் வேலை. காலை எட்டரைக்குள் வேனில் ஏறினால், ஆர்டர் அவசரம் என்கிற வாரங்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டும். மகனோடு உட்கார்ந்து பேசி எத்தனை நாளானது என்று அவருக்கே கணக்கில்லை.

பேச வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. மகனோடு படித்த இரண்டு பையன்கள், லீவில் கம்பெனிக்குக் கைமடிக்கப் போயிருந்தார்கள். சனிக்கிழமையானால் கையில் சம்பளம், புது போன், புதுச் சட்டை. "நானும் போறேம்மா, படிச்சு மட்டும் என்ன ஆகப்போகுது" என்று மகன் சொல்ல ஆரம்பித்திருந்தான். வீட்டில் வைத்துப் பேசினால் அது சண்டையாகத்தான் முடிகிறது. அதனால்தான் "ரெண்டு நாள் எங்காச்சும் போயிட்டு வரலாமா கண்ணு?" என்று கேட்டார்.

சென்னைக்கு உடுமலை வழியாகவே ரயில் இருக்கிறது. ஆனால் இரண்டு இரவு ரயிலில் போய்விடும். அங்கே அறை வாடகையும் எட்டாது. அம்மாவின் கையில் இருந்தது 3,000 ரூபாய். இதில் பலரும் எழுத மறக்கிற ஒரு செலவையும் அவர் எழுதியிருந்தார். சனிக்கிழமை லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். அதை ஈடுகட்ட முந்தைய வாரமே இரண்டு நாள் கூடுதல் ஷிப்ட் பார்த்துவிட்டார்.

முடிவில் பணத்தை அப்படியே மகன் கையில் கொடுத்தார். "இதுக்குள்ள எந்த ஊரு வேணும்னாலும் நீயே பாத்துச் சொல்லு. கணக்கும் நீயே எழுதணும்."

அரை மணி நேரம் போனைத் தேய்த்துவிட்டு மகன் சொன்ன ஊர், மதுரை.

ஏன் மதுரை?

உடுமலைக்காரர்களுக்கு மதுரை ரயிலில் சுமார் மூன்று, மூன்றரை மணி நேரம்தான். திருவனந்தபுரத்திலிருந்து பாலக்காடு, பொள்ளாச்சி வழியாக வரும் அம்ரிதா எக்ஸ்பிரஸ், அதிகாலையில் உடுமலையைக் கடந்து காலையிலேயே மதுரைக்குப் போய்விடும். திரும்பி வர, திருச்செந்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில் இருக்கிறது. முன்பதிவில்லாத பெட்டியில் இரண்டு பேருக்குப் போக வர சுமார் 300 ரூபாய் ஆனது. 12 வயதைத் தாண்டிவிட்டால் ரயிலில் முழு டிக்கெட் என்பதை மறக்க வேண்டாம்.

மகன் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "மஹால், தெப்பக்குளம்னு ஸ்கூல் டூர்ல பாத்ததெல்லாம் வேண்டாம்." அம்மாவுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. "மீனாட்சிய மட்டும் பாத்துட்டு வந்தர்றேன்."

முதல் நாள்: வெயிலுக்கு ஒதுங்க நூலகம்

ஸ்டேஷனுக்கு அருகிலேயே ஏ.சி. இல்லாத சின்ன அறை, ஓர் இரவுக்கு 1,100 ரூபாய். பையை வைத்துவிட்டு டவுன் பஸ் ஏறினார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் இலவசப் பயணம் என்பதால் அம்மாவுக்குக் காசில்லை, மகனுக்கு மட்டும் டிக்கெட். "பாத்தியா, உன்னாலதான் செலவு" என்று அம்மா சொல்ல, அன்றைக்கு மகன் முதல்முறையாகச் சிரித்தான்.

முதலில் போனது தமுக்கத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் 1959-ல் தொடங்கப்பட்டது. அனுமதி இலவசம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் கூட்டம் சத்தமில்லாமல் நின்றது.

1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். மேலாடை வாங்க வழியில்லாத ஏழை விவசாயிகளைப் பார்த்து எடுத்த முடிவு அது. நாள் முழுக்கப் பனியனைத் தைத்துத் தள்ளுகிற அம்மா அதை இரண்டு முறை படித்தார். "ஒரு சட்டைக்கு வழியில்லாம இருந்திருக்காங்க பாரு" என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை.

மே மாத மதுரையில் மதியம் தெருவில் சுற்ற முடியாது. அதற்கு மகன் கண்டுபிடித்த வழி, நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. இரண்டு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் சதுர அடி பரப்பு, மாடி மாடியாகப் புத்தகம், குளுகுளு ஏ.சி. உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. மகன் மோட்டார், மெஷின் புத்தகங்கள் இருந்த பக்கம் போய்விட்டான். அம்மா ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு, பாதியில் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார். மூன்று மணி நேரம் கழித்துத்தான் மகன் வந்து எழுப்பினான். அந்த வாரத்திலேயே அவர் தூங்கிய நல்ல தூக்கம் அதுதான்.

சாயங்காலம் கோயில் வீதிகள். சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயரில் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஓடும் தெருக்கள். போன் மேப்பை அணைத்துவிட்டு, தெருப் பெயரை மட்டும் வைத்து வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது மகனே போட்ட விளையாட்டு. கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. அம்மா உள்ளே போக, மகன் இரண்டு போனையும் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். திரும்பி வந்த அம்மாவின் கையில் சூடாக ஒரு டம்ளரைக் கொடுத்தான். பருத்திப்பால். பருத்தி விதையை ஆட்டி, பால் பிழிந்து, கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சுகிற மதுரைப் பானம். பஞ்சிலும் நூலிலும் பிழைக்கிற குடும்பத்துக்குப் பருத்தியைக் குடிக்கலாம் என்பது புதுச் செய்தி!

இரண்டாம் நாள்: பூவும் தக்களியும்

காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மூட்டை மூட்டையாக மல்லி இறங்க, நிறுவைக்காரர்களின் குரல் காதைப் பிளக்கும். விடியலில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை. முகூர்த்த நாள் என்றால் விலையே வேறு. "அப்ப பறிக்கிறவங்களுக்கு எவ்வளவு கெடைக்கும்?" என்று மகன் கேட்டான். "எங்களுக்குப் பீஸ் ரேட் மாதிரிதான் இருக்கும்" என்றார் அம்மா. பீஸ் ரேட் என்றால் என்ன, ஒரு டஜனுக்கு எவ்வளவு, மாற்றுத் தையல் வந்தால் யார் நஷ்டம் என்று டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் பேச்சு ஓடியது. அம்மாவின் வேலையைப் பற்றி மகன் இவ்வளவு கேட்டது அதுவே முதல்முறை.

அங்கிருந்து கீழடி. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு போன்ற கட்டடத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் குறைவு. கீழடியில் கிடைத்த பொருள்களில் ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறது. அதாவது சுமார் 2,600 ஆண்டுகள்.

பானைகளையும் எழுத்து கீறிய ஓடுகளையும் வேகமாகக் கடந்த அம்மா, ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். உள்ளே சுட்ட மண்ணில் செய்த சின்னச் சின்னத் தக்களிகள். நூல் நூற்கும் வேலை அங்கே நடந்ததற்கான சாட்சி.

"இது நூல் நூக்கறதுடா. மில்லுல ஆயிரம் கதிரு ஒண்ணாச் சுத்தும். இது ஒத்தக் கதிரு, கையில சுத்துறது" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு குழந்தைகளும் திரும்பிப் பார்க்க, பஞ்சு எப்படி நூலாகிறது என்று விரலில் முறுக்கிக் காட்டினார். மகன் தக்களியைப் பார்க்கவில்லை, அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கு இதோ

மகன் போனில் எழுதி வைத்த கணக்கு:

ரயில் - 300
அறை - 1,100
சாப்பாடு - 960
பஸ், ஆட்டோ - 280
அருங்காட்சியகம், ஜிகர்தண்டா, பருத்திப்பால் - 140
அம்மாயிக்கு மல்லி - 100
மொத்தம் - 2,880. மிச்சம் - 120.

கிளம்பும் முன் கவனிக்க...

* ரயில் நேரம், அருங்காட்சியக விடுமுறை நாள் இரண்டையும் முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள்.
* அறை எடுக்க இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.
* கோடையில் பதினொன்று முதல் நான்கு மணி வரை நூலகம், அருங்காட்சியகம் என்று நிழலிலேயே திட்டமிடுங்கள்.
* ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதிகபட்சம் மூன்று போதும். பேச்சு வருவது இடைவெளியில்தான்.
* பணத்தையும் வழியையும் பிள்ளையிடம் விடுங்கள். தவறான பஸ்ஸில் ஏறினாலும் திட்டாதீர்கள். இவர்களும் ஒருமுறை ஏறினார்கள்!

திரும்பும் ரயிலில், திண்டுக்கல் தாண்டி இருட்டத் தொடங்கியபோது மகன் கேட்டான். "நீ எத்தன வயசுலம்மா மில்லுக்குப் போன?"

"பதினஞ்சு."

"படிக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல."

பழனி வரும்வரை இருவரும் பேசவில்லை. படிப்பைப் பற்றி அம்மா ஒரு வார்த்தைகூட அறிவுரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்கிறார்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் வேன் வந்தது. பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா என்று இன்னும் முடிவாகவில்லை. கம்பெனிக்குப் போகிறேன் என்ற பேச்சை அந்த வாரம் மகன் எடுக்கவில்லை. மிச்சமிருந்த 120 ரூபாயை அம்மா திருப்பிக் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது.

"அது அடுத்த டூருக்கும்மா. இருக்கட்டும்."