சாகசம் யாருக்குரியது?

பிரித்தானியச் சிறுவர் சித்திரக்கதைகளின்பால் ஒருவகைப் பக்தி அண்மைக் காலத்தில் மீண்டும் தலைதூக்கியுள்ளது. 'வலியன்ட்', 'லயன்' ஆகிய வார இதழ்கள் எழுபதுகளிலேயே நின்றுபோயின. எனினும் அவற்றின் நாயகர்கள் மறைந்தாரில்லை. இங்கிலாந்திலே பழைய கதைகள் நூலுருப் பெறுகின்றன. சிவகாசியிலோ 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் முத்து காமிக்ஸ் தொடக்கிய மரபு இன்றும் தொடர்கின்றது. இலங்கையிலும் அவற்றுக்கு வாசகர் உளர்; தோட்டப்புறங்களிலும் உளர். இளமையில் அவற்றை வாசித்தோர் இன்று நரைத்த பின்னர், 'கள்ளங்கபடமற்ற கதைகள்' என உருகுகின்றனர். இவ்வுருக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதன் 1952இல் 'லயன்' இதழிலே புறப்பட்டபோது அக்கதையின் ஆங்கிலத் தலைப்பிலேயே காடு இடம்பெற்றிருந்தது. அது தற்செயலன்று. இத்தகைய கதைகள் பலவற்றிலும் வெள்ளை இளைஞன் ஒருவன் வருவான்; புதையல் இருக்கும்; சுமை தூக்கச் சுதேசிகள் இருப்பர். நிலமோ எவருக்கும் உரித்தற்றதாய் அவனுக்காகக் காத்துக் கிடக்கும். 1840இல் இலங்கையிற் பிறந்த முடிக்குரிய காணிச் சட்டம் கூறியதும் இதுவே: பயிரிடப்படாத காணி, உரிமை நிறுவப்படாதவிடத்து, முடிக்குரியது. சட்டம் முன்னர்ச் செய்ததையே சித்திரம் பின்னர்ச் சிறுவர்க்கு விளையாட்டாகக் கற்பித்தது.

இறக்குவானை, எட்டியாந்தோட்டை என நீளும் சப்ரகமுவத் தோட்டங்களின் லயத்துச் சிறுவன் இக்கதைகளில் எவ்விடத்தில் நிற்கிறான்? சுமை தூக்குவோர் வரிசையில் அன்றோ! அவனுடைய முன்னோரும் ஒரு நெடும்பயணம் செய்தவர்களே. தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியேறி, தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தவர்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழிநெடுகப் பலியானவர்கள். அது சாகசமாகாதாம், 'கூலிவரவு' எனக் கணக்கேட்டில் அடங்கிவிடும்.

இவ்வாறு கூறியதும் மறுதரப்பார் மகிழ்வர். சித்திரக்கதை யாவும் நச்சிலக்கியம், எரித்துவிடுக என்பது அவர்தம் கட்சி. லயத்துச் சிறுவனின் கைக்கு வேறொரு நூலையும் எட்டச் செய்யாதார் இவ்வாறு கூறுவதற்கு என்ன உரிமை உடையர்? மேலும், 'இரும்புக்கை மாயாவி'யை அவர்கள் ஊன்றி வாசித்ததாகவும் தெரியவில்லை. ஆய்வுகூட விபத்தொன்றில் வலக்கையை இழந்த உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைகின்றது. இரும்புக்கை மட்டுமே தெரிகின்றது. அவன் முதலிற் குற்றவாளி, பின்னரே இரகசிய உளவாளி. இறப்பர்த் தொழிற்சாலை உருளையில் விரலிழந்த மனிதரைக் கண்டு வளரும் சிறுவனுக்கு இக்கதை வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. அதை வரைந்த ஹேசுஸ் பிளாஸ்கோ ஸ்பானியர். அவ்விதழ்களோ வரைந்தவர் பெயரை அச்சிடும் வழக்கம் அற்றவை. கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை! கொழுந்து பறிப்பவரின் நிலையும் தேயிலைப் பெட்டியில் அதுவே.

இனி, மெய்யான வெள்ளை இளைஞன் ஒருவனைக் காண்போம். மார்க் அந்தனி பிறேஸ்கேடில் 1936இல் தோட்டத்துரைப் பயிற்சிக்கென இலங்கை வந்தார்; மடுல்கலைத் தோட்டத்திலே தொழிலாளர் பக்கம் சாய்ந்தார். 1937 ஏப்ரலில் நாடுகடத்தும் ஆணை பிறந்தது. தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடற் கூட்டத்தில், பொலிசார் பார்த்திருக்க, மேடையில் தோன்றினார். றுவன்வெல்லையின் அரசாங்க சபை உறுப்பினர் என். எம். பெரேரா முதலிய சமசமாஜத் தலைவர்கள் அவருக்காகப் போராடினர். உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்றது. துரத்தல், மறைவு, திடீர்த் தோற்றம் என வார இதழ் வேண்டும் யாவும் இதில் உண்டு. துரை பக்கம் மட்டும் வெற்றியில்லை.

பழைய பிரதிகளைப் பெருவிலை கொடுத்துத் தேடும் நண்பர்கள் தேடட்டும். நம் சங்கத்திலே தூரிகை பிடிக்கத் தெரிந்தோர் சிலர் உளர். அவர்கள் அரிப்புக் கரையிலிருந்து தொடங்கலாம்.