பாசிக்கு மீன் கேட்பவர்களுக்கு

"தொட்டியெல்லாம் பாசி பிடிச்சிட்டுது, தின்னுற மீன் ஒண்டு தாங்கோ." கடல்மீன் விற்கும் எல்லோருக்கும் பழகிப்போன வேண்டுகோள் இது. கடைக்காரர் பவுடர் புளூ டாங்கைக் காட்டுவார். அந்த நீலத்தையும் மஞ்சள் முதுகுச் செட்டையையும் பார்த்தவருக்கு வேறு கேள்வி எழாது. எந்தப் பாசி, தொட்டி எத்தனை அடி, தண்ணீர் விட்டு எத்தனை மாதம் என்று ஒருவரும் கேட்காமலே வியாபாரம் முடிந்துவிடும். திருகோணமலைக் கரையில் பிடிப்பவர், பொதி செய்பவர், விற்பவர், வளர்ப்பவர் எல்லோரும் இந்த இதழைப் படிப்பதால், இம்முறை எவர் மனமும் நோகாமல் எழுத இயலவில்லை.

முதலில் பாசி. புதுத் தொட்டியில் மணல்மேல் படியும் மண்ணிறத் தூள் டயட்டம்; தண்ணீரிலுள்ள சிலிக்கா தீர்ந்தால் அது தானே போய்விடும். செங்கறுப்பாகப் போர்வைபோல் படரும் வழுவழுப்பு பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதை நம்பித் தின்னவிடக்கூடிய மீன் கிடையாது. இறகு வடிவில் வளரும் பிரயோப்சிஸைப் பெரும்பாலான மீன்கள் முகர்ந்துவிட்டு விலகும். கண்ணாடியிலும் கல்லிலும் படியும் மெல்லிய படலத்தையும், இன்னும் குட்டையாக இருக்கும் மயிர்ப்பாசியையும்தான் மீன் உண்மையில் கட்டுப்படுத்தும். மயிர்ப்பாசி விரல் நீளத்துக்கு வந்துவிட்டால் முதலில் கையால் பிடுங்கி எடுக்கவேண்டும்.

கடலிலும் இதே கணக்குத்தான். 1998இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளிறியபோது தெற்கிலும் மேற்கிலும் பேரழிவு. எமது புறாத்தீவுப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. இக்கடுவையில் செத்த முருகைக்கற்களின் மேல் ஹலிமெடா என்ற சுண்ணாம்புப் பாசி ஏறிக்கொண்டது. இலை முழுக்கச் சுண்ணாம்பு, போதாக்குறைக்குக் கசப்புப் பொருள்கள். அதை விரும்பி மேயும் மீன்கள் மிகச் சில. கடலிலேயே நிலைமை இப்படியென்றால், இரண்டடித் தொட்டியில் ஒற்றை மீனிடம் என்ன எதிர்பார்ப்பது?

பாசியைத் தின்ற மீன் அதிலிருந்த நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் வெளியே கொண்டுபோவதில்லை. கழிவாக அதே தண்ணீரில் விடுகிறது, போதாததற்கு நாம் அதற்கென்று இரையும் போடுகிறோம். சத்தை வெளியேற்றுவது தண்ணீர் மாற்றம், புரதக் கழிவு பிரிப்பான், கையால் பிடுங்கும் பாசி ஆகியவைதான். இங்கே கடல்நீரையே அள்ளி வந்து ஊற்றும் வழக்கம் உண்டு. வாடை மழையில் மகாவலி கொட்டியாரக்குடாவில் கொட்டும் மாதங்களில் அந்தத் தண்ணீரில் உப்பு குறைவு, வண்டலும் சத்தும் கூடுதல். உப்புமானியில் 35 காட்டாத தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பாசிக்கு மீன் தேடுவது வீண்வேலை. துறைமுகத்துக்குள் அள்ளும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் மீன் வேண்டுமென்றால், சிறிய தொட்டிக்கு எமது முதல் தெரிவு லோன்மோவர் பிளெனி. 14 சென்ரிமீற்றருக்கு மேல் வளராது. சீப்புப் போன்ற பற்களால் படலத்தைச் சுரண்டும். ஆனால் ஆறு மாதமேனும் ஓடிய, கல்லில் படலம் ஊறிய தொட்டிக்கே அது போகவேண்டும். பளிச்சென்று கழுவிய புதுத் தொட்டியில் விட்டால், நல்ல உசாராகத் திரிந்துகொண்டே வயிறு ஒட்டிச் சாகும். வயிற்றைப் பக்கவாட்டில் பார்க்கத் தெரியாதவருக்கு அது பட்டினி கிடப்பதே விளங்காது.

சீப்புப்பல் டாங் வகைகள் படலத்தையும் மணற்கழிவையும் அள்ளும். அவற்றுக்கு நான்கு, ஐந்து அடி நீளமாவது வேண்டும். ஓரா மீனைப் பற்றி இங்குள்ள மீனவருக்குச் சொல்லத் தேவையில்லை, முள் குத்தினால் தெரியும். பாசி தின்பதில் அதற்கு நிகர் குறைவு, குமிழ்ப்பாசியைக்கூடச் சில ஓராக்கள் கடிக்கும். ஆனால் எமது கடல் ஓராக்களில் சில அரை மீற்றர் வரை வளரும். வரிக்கோட்டு டாங் அலை மோதும் பாறையில் தன் பாசி வயலைக் காவல் காக்கும் மீன். அதை வீட்டுத் தொட்டியில் விட்டவர் கூடவுள்ள மீன்களையும் மறந்துவிடலாம்.

பவுடர் புளூவுக்கு வருவோம். இந்து சமுத்திரத்தின் மீன். உலகச் சந்தையில் அதை அனுப்பும் நாடுகளில் இலங்கைக்கு நல்ல பெயர். ஆனால் வெள்ளைப்புள்ளி நோய்க்கு அதைவிட இலகுவாக இடங்கொடுக்கும் மீன் குறைவு. அந்த ஒட்டுண்ணியின் கூட்டுப் பருவம் கல்லிலும் மணலிலும் பல வாரங்கள் கிடந்து வெடிக்கும். செப்பு மருந்து போட்டால் பவளமும் நத்தையும் போய்விடும். மருந்து போடத் தனித்தொட்டி இல்லாதவர், ஆறடிக்குக் குறைந்த தொட்டிக்காரர் இருவருக்கும் இந்த மீன் ஆகாது.

பொதி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாங் மீன் விடிந்ததிலிருந்து இருளும்வரை மேயும். 1985இல் செங்கடல் டாங் ஒன்றின் குடலில் எபுலோபிசியம் என்ற இராட்சத நுண்ணுயிர் கண்டறியப்பட்டது. அரை மில்லிமீற்றருக்கும் மேல் நீளம், வெறுங்கண்ணுக்கே தெரியும். இத்தகைய குடல்வாசிகளின் துணையோடு வாழும் மீனை, பைகள் அழுக்காகாதிருக்க நாட்கணக்கில் பட்டினி போட்டுக் கொழும்புக்கு ஏற்றினால், வாங்கியவர் தொட்டியில் அது எப்படித் தேறும்? தங்கவைக்கும் தொட்டியிலேயே பாசி கொடுங்கள். கொட்டியாரக்குடா, தம்பலகாமம் பக்கத்துக் கிரசிலேரியாப் பாசி கஞ்சிக்குப் பேர்போனது. இறக்குமதி நோரித் தாளைவிட டாங் இதை ஆவலாகப் பிடுங்கும். 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்த நாட்களிலும் இது கரையிலேயே கிடந்தது.

இனிப் பிடிப்பவர்கள். எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், அவரது சுழியோடிக் கூட்டாளி மைக் வில்சன் ஆகியோரோடு 1950களில் இக்கடலில் சுழியோடிய ரொட்னி ஜொன்க்ளாஸ் அலங்காரக் கடல்மீன் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர். 1975இல் பிடிப்பைப் பற்றி நூலே எழுதினார். பிடிப்பில் எமது சுழியோடிகள் அன்றிலிருந்தே கெட்டிக்காரர்கள். யாருக்காகப் பிடிக்கிறோம் என்ற கேள்விதான் இன்னும் பின்தங்கி நிற்கிறது. 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவின் எல்லைக்குள் ஒரு மீனும் எடுக்கக்கூடாது. முருகைக்கல்மேல் போடும் மொக்சி வலை தடைசெய்யப்பட்டது, முருகைக்கல் உடைப்பது குற்றம். இவை எல்லோருக்கும் தெரிந்த விடயங்கள். வெளிறலுக்குப் பிறகு பாசியைக் குறைத்துப் புது முருகைக்கு இடம்விடுவது மேயும் மீன்கள்தான் என்பதையும் இவற்றோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

ஆகவே வாடை ஓய்ந்து அடுத்த பருவம் தொடங்குமுன் ஒரு கோரிக்கை. ஆறடித் தொட்டி இருக்கிறதென்று சொல்லாத வாடிக்கையாளரின் பவுடர் புளூ ஓடரை ஏற்காதீர்கள். பாசி தின்னும் எந்த மீனையும், கடைத்தொட்டியில் அது இரை எடுப்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்த பின்பே பையில் போடுங்கள். வாங்குபவர்களே, அப்படிக் காட்டாத கடையில் வாங்காதீர்கள்.