‘ஈஸ்னோபீலியா’ என்பது நோயின் பெயரன்று

நாட்பட்ட இருமலோடு வரும் ஒருவரிடம் என்ன நோய் என்று கேட்டால், “எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கிறது” என்ற விடை அனந்தபுரம், செஞ்சி வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும். ஆஸ்துமா என்று சொல்லக் கூசுவோருக்கும், காசநோய் என்ற சொல்லைக் கேட்கவே அஞ்சுவோருக்கும் இச்சொல் ஒரு போர்வையாகிவிட்டது. பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் வீடுகளில் இப்போர்வைக்கு மதிப்பு இன்னும் அதிகம். இதனைக் களைய வேண்டும் என்பதே எமது கருத்து.

ஈசினோஃபில் என்பது இரத்த வெள்ளையணுக்களுள் ஒரு வகை. ஈயோசின் எனும் செந்நிறச் சாயத்தை ஏற்கும் இவ்வணுக்களை 1879-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் இனங்கண்டார். ஒவ்வாமை, ஆஸ்துமா, குடற்புழு, யானைக்கால் புழு, சில மருந்துகள் எனப் பல காரணங்களால் இவை பெருகும். வீட்டு வாசலில் நாய் குரைப்பதைப் போன்றது இப்பெருக்கம். யாரோ வந்திருக்கிறார் என்று தெரியுமேயன்றி, வந்தவர் யார் என்று தெரியாது.

ஆயினும் அந்தக் குரைப்பைக் கேட்டதால் உயிர்கள் காக்கப்பட்ட வரலாறு நமக்கு அருகிலேயே உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிரிமாட் மோலரும் பார்ட்டனும், காசநோயைப் போலவே தோன்றிய ஒரு நோயை 1940-இல் விவரித்தனர். இரவில் வறட்டு இருமல், இளைப்பு, எடைக் குறைவு, எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முழுதும் பொடிப்பொடியான புள்ளிகள் எனக் காசநோய்க்குரிய அடையாளங்கள் பலவும் இருந்தன. சளியில் மட்டும் காசநோய்க் கிருமி இல்லை; இரத்தத்தில் ஈசினோஃபில்கள் மிகுந்திருந்தன. 1943-இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதற்கு வெப்பமண்டல ஈசினோஃபீலியா எனப் பெயரிட்டார். கொசுவழி பரவும் யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகளை உடல் மிகையாக எதிர்ப்பதால் நேரும் நுரையீரல் அழற்சியே இது என்பது பின்னர் தெளிவாயிற்று. யானைக்கால் நோய் நீண்ட காலம் நிலவிய விழுப்புரம் பகுதியில் இந்நோயை மறந்துவிடுவதற்கில்லை. கால் வீங்கியிராது, இரவில் எடுத்த இரத்தத்திலும் புழு தென்படாமல் போகலாம். ஈசினோஃபில் எண்ணிக்கைதான் முதல் துப்பு.

அந்த எண்ணிக்கையை எவ்வாறு படிப்பது? பரிசோதனைச் சீட்டில் ‘ஈசினோஃபில் 12%’ என்றிருப்பதைக் கண்டு பதறுவோர் பலர். விழுக்காடு மட்டும் போதாது. மொத்த வெள்ளையணுக்கள் 5,000 எனில் 12 விழுக்காடு என்பது 600. மொத்தம் 15,000 எனில் அதே 12 விழுக்காடு 1,800 ஆகிவிடும். ஆகவே ஏ.இ.சி. எனப்படும் முழு எண்ணிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 வரை இயல்பு எனக் கொள்வர். மேற்சொன்ன நுரையீரல் நோயில் அது பெரும்பாலும் 3,000-ஐத் தாண்டும். இடைப்பட்ட எண்களுக்குக் குடற்புழுவோ ஒவ்வாமையோ காரணமாக இருக்கலாம். எண்ணிக்கை இயல்பாக இருப்பதால் ஆஸ்துமா இல்லை என்றும் ஆகிவிடாது.

எமக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. இருமலுக்கும் இளைப்புக்கும் சீட்டின்றியே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் ஊர்ப்புறங்களில் வேரூன்றியிருக்கிறது. ஸ்டீராய்டு உட்சென்ற சில மணி நேரத்திலேயே ஈசினோஃபில்கள் இரத்தத்திலிருந்து மறையத் தொடங்கும். அதன்பின் எடுக்கும் பரிசோதனை ‘எல்லாம் சரி’ என்று பொய்யுரைக்கும். இருமல் தணிவதால் நோயாளியும் நம்பிவிடுவார். உள்ளே காசநோய் இருந்தால் அது வளரும். வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரின் தோல்வழியே நுழையும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு, ஸ்டீராய்டினால் உடலெங்கும் பரவி உயிரையே பறிக்கவும் கூடும்.

எனவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், முதல் ஸ்டீராய்டு மாத்திரைக்கு முன்பே ஏ.இ.சி. பரிசோதனையும் சளிப் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. ஈசினோஃபில் மிகுந்தவருக்கும் காசநோய் இருக்கலாம். மூச்சுத் திணறி வாய் திறந்து பேச இயலாத நிலையில் வருவோருக்கு இவ்விதி பொருந்தாது. அவர்களுக்கு மருந்தே முதலில். ஏற்கெனவே ஸ்டீராய்டு உட்கொண்டிருந்தால், என்ன மாத்திரை, எத்தனை நாள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காலி மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தாலும் போதும்.

பீடி புகைத்தோருக்கும், விறகடுப்புப் புகையில் பல்லாண்டு சமைத்த தாய்மாருக்கும் வரும் நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோயிலும் இவ்வெண் பயன்படுகிறது. 300-க்கு மேல் உள்ளவர்களுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு பலன் தரும் வாய்ப்பு அதிகம். 100-க்குக் கீழ் எனில் பலன் குறைவு, நிமோனியா அச்சம் மிகுதி என்பது உலகளாவிய வழிகாட்டுதல். குடற்புழு மலிந்த நம் ஊரில் அந்த 300-ஐ அப்படியே ஏற்காமல், புழுவுக்கும் சோதித்தபின் எடைபோடுவதே முறை.

வெப்பமண்டல ஈசினோஃபீலியா என்றே உறுதியானால் டை எத்தில் கார்பமசின் மாத்திரை வழக்கமாக மூன்று வாரம் தரப்படும். யானைக்கால் ஒழிப்புக்காக ஆண்டுக்கொரு முறை அரசு ஊர்தோறும் வழங்கிவந்ததும் அம்மருந்தே. ஆயினும் அந்த ஒருவேளை அளவு இந்நோய்க்குப் போதாது. ஒரு வாரத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. மூன்று வாரச் சிகிச்சை முடித்தவர்களிலும் சிலரது நுரையீரலில் மெல்லிய அழற்சி எஞ்சியிருப்பதைச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் பங்கேற்று 1990-இல் வெளியான ஆய்வு காட்டியது. எஞ்சும் அழற்சி நாளடைவில் நுரையீரலைத் தழும்பாக்கி இறுகச் செய்யக்கூடும். ஆகவே மாத்திரை முடிந்தபின் ஏ.இ.சி. மீண்டும் பார்க்கப்பட வேண்டும். அப்போது பழைய சீட்டையும் உடன் கொண்டுவாருங்கள்.